மாரிக்கு முன் ஒரு சின்ன வேலை

வளவுக்குள் நாலு பாத்தி மரக்கறி வைத்திருக்கிறவர்கள் புரட்டாதி முடியும் முன்னமே பாத்தியை ஒரு சாண் உயர்த்திவிடுங்கள். எங்கள் பக்கம் வருசத்து மழையில் பெரும்பங்கு ஐப்பசி தொடங்கி மார்கழிக்குள் கொட்டித் தீர்த்துவிடும், கிணற்றுப் பாசனத்துக்குக் கட்டின பள்ளப்பாத்தியை அப்படியே விட்டால் தண்ணீர் நின்று வேர் அழுகும். போன மாரியில் நான் பஞ்சிப்பட்டு விட்டதில் இருபது கத்தரிக்கன்று போனது, பிடுங்கிப் பார்த்தால் வேர் பழுப்பாகி, தொட்டாலே தோல் உரிந்து கையோடு வந்தது.

உயர்த்தும்போதே பூவரசங்குழையைத் தாழ்த்தி மேலே செம்மண்ணை இழுத்து மூடி, இரண்டு மூன்று கிழமை உக்க விட்டு அப்புறம் நடுங்கள். உடனே நட்டால் குழை உக்கும் சூட்டில் கன்று வாடும்.

மாரிக்கு வெண்டி, பயற்றை சரி. மிளகாய், தக்காளிக்கு அவசரம் வேண்டாம். கார்த்திகைக் கடைசியில் தாழ்வாரத்தில் பழைய பேசினுக்குள் நாற்றுப் போட்டு, தையில் மழை ஓய்ந்த பிறகு வெளியே நடலாம். பங்குனி வெயில் தொடங்கினதும் மேட்டை வெட்டிப் பழையபடி பள்ளப்பாத்தி ஆக்குங்கள், இல்லாவிட்டால் இறைக்கிற தண்ணீர் முழுக்க வாய்க்காலோடு போய்விடும்.