பழைய பெரிய பிக்கப் டிரக்: பானெட்டைத் திறக்கும் முன் அடியில் படுங்கள்

ஃபோர்டு எஃப்-150, செவர்லே சில்வராடோ, ராம் 1500, டொயோட்டா டன்ட்ரா. வட அமெரிக்காவில் பழைய பெரிய பிக்கப் தேடுகிறவர் பெரும்பாலும் இந்த நான்கில் ஒன்றில்தான் வந்து நிற்பார். எது உசத்தி என்ற சண்டை ஒருநாளும் தீராது. பத்துப் பதினைந்து வயதான வண்டியில் பெயரைவிட, எல்லாவற்றையும் தாங்கும் அடிச்சட்டமான சேசிஸ்தான் முக்கியம். எஞ்சின் போனால் மாற்றலாம், கியர்பாக்ஸ் போனாலும் மாற்றலாம். சேசிஸைத் துரு தின்றுவிட்டால் அதைச் சரிசெய்யும் செலவு வண்டியின் விலையைத் தாண்டிவிடும்.

அடியில் பார்ப்பது

ஒரு டார்ச், ஒரு சிறு சுத்தி, ஒரு பழைய ஸ்க்ரூடிரைவர் போதும். சேசிஸ் சட்டத்தை முன்னிருந்து பின்வரை தட்டிக்கொண்டே போங்கள். திடமான இரும்பு கணீரென்று ஒலிக்கும்; உளுத்த இடத்தில் சத்தம் அமுங்கிப்போகும். அங்கே ஸ்க்ரூடிரைவரால் அழுத்திக் குத்திப் பாருங்கள். மேலோட்டமான பழுப்புப் படலம் பெரிய விஷயமல்ல. செதில் செதிலாக உரிந்தாலோ, முனை உள்ளே இறங்கினாலோ விலை பேசவே வேண்டாம், கிளம்பிவிடுங்கள்.

பின் ஆக்சிலுக்கு மேலே சட்டம் வளைகிற இடம், லீஃப் ஸ்பிரிங் மாட்டியிருக்கும் பிராக்கெட்டுகள், உதிரி டயர் தொங்கும் குறுக்குச் சட்டம் ஆகியவற்றில் மண்ணும் உப்பும் தங்கும். துரு தொடங்குவதும் அங்கேதான். முதல் தலைமுறை டன்ட்ரா (2000–2006) இந்த விஷயத்தில் பேர்போனது. குளிர்காலத்தில் சாலையில் உப்புத் தூவும் மாநிலங்களில் ஓடிய வண்டியென்றால் இரட்டைக் கவனம் வேண்டும். விற்பனைக்கு முன் அடிப்பாகத்துக்குப் புதிதாகக் கறுப்புப் பெயின்ட் அடித்திருந்தால், எதை மறைக்க அடித்தார்கள் என்று கேளுங்கள். 2015 முதல் எஃப்-150-இன் பாடி அலுமினியம், அது துருப்பிடிக்காது. ஆனால் அடியில் இருப்பது இரும்புச் சேசிஸ்தான்.

அடுத்தது பிரேக் குழாய். 1999 முதல் 2007 வரையிலான ஜிஎம் (செவர்லேயின் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ்) டிரக்குகளில் சேசிஸை ஒட்டி ஓடும் இரும்புக் குழாய்கள் துருப்பிடித்து வெடிப்பது அடிக்கடி நடப்பது. ஒன்று ஓட்டையானால் அதை மட்டும் ஒட்டுப்போட்டுவிட்டு ஓட்டாதீர்கள். மற்றவையும் அதே வயதுதான். முழுவதையும் நிக்கல்-செம்புக் குழாயாக மாற்றி, முனைகளை இரட்டை மடிப்பாக விரிக்கச் சொல்லுங்கள். இந்த உலோகம் துருப்பிடிக்காது, கையாலேயே வளையும்.

உதிரி டயரைக் கீழே இறக்கிக் காட்டச் சொல்வதும் நல்ல சோதனை. அதைத் தாங்கும் கம்பிச் சுருளி துருவேறி இறுகியிருந்தால், டயர் பஞ்சரான இரவில்தான் அது உங்களுக்குத் தெரியவரும். வாங்கிய பிறகு ஆண்டுக்கொரு முறை டயரை இறக்கி, கம்பிக்கு கிரீஸ் தடவி, மறுபடி ஏற்றிவையுங்கள்.

எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது கேட்பது

நீங்கள் வரும்வரை வண்டியை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டில் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால், குளிர்ந்த எஞ்சினில் மட்டும் கேட்கும் ஒரு சத்தத்தை மறைக்கிறார்கள் என்ற சந்தேகம் நியாயமானதே.

ராமின் 5.7 லிட்டர் ஹெமி எஞ்சினில் குளிரில் வரும் 'டிக் டிக்' சூடேறியதும் மறைந்தால், புகையை வெளியேற்றும் எக்ஸாஸ்ட் மானிஃபோல்டை எஞ்சினோடு இணைக்கும் போல்ட் உடைந்திருக்க வாய்ப்பு அதிகம். உலோகம் விரிந்ததும் இடைவெளி அடைபடுகிறது. இது பொறுத்துக்கொள்ளக்கூடிய கோளாறு. சூடான பிறகும் சத்தம் நீடித்தால் வால்வைத் தூக்கும் லிஃப்டரும் அதைத் தள்ளும் கேம்ஷாஃப்டும் தேய்கின்றன என்று கொள்ளுங்கள், எஞ்சினைப் பிரிக்கும் வேலை அது. இன்னொன்று, அந்த எஞ்சினில் சிலிண்டருக்கு இரண்டாக 16 ஸ்பார்க் பிளக்குகள் உண்டு. மாற்றும் செலவைக் கணக்கிடும்போது மறந்துவிடாதீர்கள்.

2007 முதல் ஜிஎம் டிரக்குகளின் 5.3 லிட்டர் எஞ்சின்கள் பலவற்றில் எரிபொருளைச் சேமிக்க நான்கு சிலிண்டர்களை அணைத்துவைக்கும் ஏற்பாடு வந்தது. அணைவது 1, 4, 6, 7. டிக் சத்தத்தோடு இந்த நான்கில் ஒன்றில் மிஸ்ஃபயர் கோடு (சிலிண்டர் சரியாக எரியவில்லை என்று வண்டியின் கணினி காட்டும் பிழைக்குறி) வந்தால், அந்த ஏற்பாட்டுக்கான லிஃப்டர் அமுங்கிப்போயிருக்கலாம். ஆயில் குறைந்தோ மாற்றாமலோ ஓட்டியவர்களிடம் இது சீக்கிரம் வரும்.

எஃப்-150-இல் 2004–2010 காலத்து 5.4 லிட்டர், சிலிண்டருக்கு மூன்று வால்வு கொண்ட எஞ்சினை எச்சரிக்கையோடு அணுகுங்கள். இதைச் சூடாகவும் கேட்க வேண்டும். சூடேறி ஐடிலில் நிற்கும்போது டீசல் வண்டிபோல் தடதடத்தால், வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும் கேம் ஃபேஸர், டைமிங் செயின், ஆயில் அழுத்தம் மூன்றும் சந்தேகத்துக்குரியவை. அதோடு, அதன் முதல் வடிவ ஸ்பார்க் பிளக்குகள் இரண்டு துண்டுகளாலானவை. கழற்றும்போது கீழ்த் துண்டு ஹெட்டுக்குள்ளேயே உடைந்து தங்கிவிடும். முறை இதுதான்: எஞ்சின் முழுவதும் ஆறியிருக்க வேண்டும். பிளக்கின் மேலுள்ள இக்னிஷன் காயிலைக் கழற்றி, பிளக் இருக்கும் குழியைக் காற்றடித்துச் சுத்தம் செய்து, பிளக்கை எட்டில் ஒரு சுற்று மட்டும் தளர்த்துங்கள். குழியில் அரைத் தேக்கரண்டி கார்புரேட்டர் கிளீனர் ஊற்றி, குறைந்தது 15 நிமிடம் ஊறவிடுங்கள். பிறகு சற்றே இறுக்கி, சற்றே தளர்த்தி, பொறுமையாகச் சுற்றுங்கள். கிறீச்சென்ற சத்தம் வருவது இயல்பு. புதிதாகப் போடும்போது ஒரே துண்டாலான மாற்று வகையைப் போட்டுவிட்டால் இந்தத் தலைவலி அடுத்த தடவை கிடையாது.

வாங்கிய முதல் மாதம்: எல்லாத் திரவமும்

முந்தைய உரிமையாளர் எதை எப்போது மாற்றினார் என்பதற்கு ரசீது இல்லையென்றால் மாற்றவேயில்லை என்றுதான் கணக்கு. எஞ்சின் ஆயிலில் தொடங்கலாம். ஃபோர்டு 5.4-க்கும் ஹெமி 5.7-க்கும் 7 குவார்ட் (ஒரு குவார்ட் ஏறக்குறைய ஒரு லிட்டர்), ஜிஎம் 5.3-க்கு 2013 வரை 6, 2014 முதல் 8. காரில் ஊற்றிப் பழகியவர்கள் 5 குவார்ட் டின் ஒன்றை வாங்கிவந்து பாதியில் நிற்பார்கள்.

ஆக்சிலின் நடுவிலுள்ள டிஃபரன்ஷியலுக்கும், சக்தியை முன், பின் ஆக்சில்களுக்குப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்கும் ஒரே ஒரு விதி உண்டு: முதலில் நிரப்பும் மூடியைத் திறங்கள், அது திறந்த பிறகே வடிக்கும் மூடியைத் தொடுங்கள். துருவேறிய நிரப்பும் மூடி திறக்காமல் போய், எண்ணெயை ஏற்கெனவே வடித்துவிட்டிருந்தால் வண்டி அங்கேயே நிற்கும். பின் ஆக்சிலில் லிமிடெட் ஸ்லிப் (ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழலாமல் தடுக்கும் வகை) இருந்தால் கியர் ஆயிலோடு, உரசலைச் சீராக்கும் ஃப்ரிக்ஷன் மாடிஃபையரும் தேவை. சில ஆயில்களில் அது ஏற்கெனவே கலந்திருக்கும். இல்லாமல் ஊற்றினால் வாகன நிறுத்தத்தில் மெதுவாகத் திரும்பும்போது பின்பக்கம் அதிரும். டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு எந்த எண்ணெய் என்பது வண்டிக்கு வண்டி மாறும். கையேட்டைப் பார்க்காமல் ஊற்றாதீர்கள்.

ஆட்டோ கியர்பாக்ஸில் அடித்தட்டைக் கழற்றி ஃபில்டரை மாற்றினால் ஏறக்குறைய பாதி எண்ணெய்தான் வெளியே வரும். அது போதும், சில ஆயிரம் மைல் ஓட்டிவிட்டு இன்னொரு தடவை செய்தால் பெரும்பகுதி புதிதாகிவிடும். எண்ணெய் கறுத்து, கருகிய வாடை அடித்தால் அதை வாங்கும் முன்பே கண்டுபிடித்திருக்க வேண்டும்.

ஓட்டும்போது வரும் சத்தங்கள்

வண்டி நிற்கும் கணத்திலோ கிளம்பும் கணத்திலோ பின்னாலிருந்து ஒரு 'டொக்' வந்தால், புரொப்பல்லர் ஷாஃப்டின் நழுவும் முனையில் கிரீஸ் வற்றியிருக்கலாம். கழற்றித் துடைத்துப் புது கிரீஸ் வைத்தால் பெரும்பாலும் தீரும். கிராஸ் ஜாயின்டில் ஆட்டம் இருந்தால் மாற்றத்தான் வேண்டும்.

நான்கு சக்கர ஓட்டம் உள்ள எஃப்-150-இல் சாதாரண 2 சக்கர நிலையில் ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது முன்சக்கரத்திலிருந்து 'கரகர' என்று அரைக்கும் சத்தம் வந்தால், பலர் உடனே சக்கரத்தை முன் ஆக்சிலோடு கோக்கும் ஹப்பை மாற்றிவிடுகிறார்கள். அவசரப்படாதீர்கள். அந்த ஹப்பை விலக்கி வைத்திருப்பது வெற்றிட அழுத்தம். குழாய் கசிந்தாலோ, அந்த அழுத்தத்தைத் திறந்து மூடும் சோலினாய்டு கெட்டாலோ, பற்கள் அரைகுறையாகக் கோத்து உரசும். முதலில் குழாயையும் சோலினாய்டையும் சோதியுங்கள்; அவை மலிவு.

முன்சக்கரத்தைத் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள்: ஆட்டம் இருந்தால் பால் ஜாயின்ட் அல்லது பேரிங். இடவலமாக ஆட்டும்போது மட்டும் தெரிந்தால், ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராட். ஜாக்கியைக் கீழ்க் கன்ட்ரோல் ஆர்முக்கு அடியில் வைத்தால்தான் ஸ்பிரிங்கின் அழுத்தம் நீங்கி உண்மையான ஆட்டம் தெரியும்.

உலர்ந்த தார்ச் சாலையில் 4 ஹை (நான்கு சக்கர ஓட்டம், உயர் கியர் நிலை) போடாதீர்கள். திருப்பத்தில் முன், பின் ஆக்சில்கள் வெவ்வேறு வேகத்தில் சுழல வேண்டியிருக்கும், நழுவ இடமில்லாமல் அந்த முறுக்கு கியர்களில் ஏறும். அதற்காக ஆண்டு முழுவதும் போடாமலும் இருக்காதீர்கள். மாதமொரு முறை மண்பாதையிலோ ஈரப்புல்லிலோ சிறிது தூரம் ஓட்டினால் அதைக் கோத்து விலக்கும் ஆக்சுவேட்டர் இறுகாது.

சுமைக் கணக்கு

விளம்பரத்தில் போடும் இழுவைத் திறனை நம்பி டிரெய்லர் வாங்குவது வழக்கமான தவறு. ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். ஆட்களும் சரக்கும் சேர்ந்து எத்தனை பவுண்டுக்கு மேல் போகக்கூடாது என்பது அதில்தான் உள்ளது. அது 1,500 என்று வைத்துக்கொள்வோம். நான்கு பேர் 700 பவுண்டு. 6,000 பவுண்டு டிரெய்லரின் எடையில் 10 முதல் 15 விழுக்காடு கொக்கியில் இறங்கும். 12 விழுக்காடு என்றால் 720. மிச்சம் 80 பவுண்டு. ஒரு கருவிப்பெட்டியும் ஐஸ்பெட்டியும் வைத்தாலே முடிந்தது.

துருவைத் தள்ளிப்போடுவது

ரப்பர் வகைப் பூச்சு பார்க்கப் பளிச்சென்றிருக்கும். ஆனால் அதில் விரிசல் விழுந்ததும் ஈரம் உள்ளே சிறைப்பட்டு, கண்ணுக்குத் தெரியாமல் இரும்பைத் தின்னும். லானோலின் (ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கும் மெழுகு) அல்லது எண்ணெய் அடிப்படையிலான பூச்சே பழைய வண்டிக்கு ஏற்றது. இலையுதிர் காலத்தில், அடிப்பாகத்தைக் கழுவி நன்றாகக் காயவிட்டு, சேசிஸ் சட்டத்தின் துளைகள் வழியே நீண்ட குழல் செலுத்தி உட்பக்கமும் அடியுங்கள். பிரேக் டிஸ்க்கிலும் எக்ஸாஸ்ட் குழாயிலும் படக்கூடாது. கதவுகளின் அடியிலுள்ள வடிகால் துளைகளைக் கம்பியால் குத்தித் திறந்துவிடுங்கள். கேபினின் கீழ் மூலைகள் உளுப்பதற்கு அடைபட்ட துளைகள் ஒரு முக்கியக் காரணம்.

சக்கரத்தைக் கழற்றி மாட்டினால் நட்டுகளை டார்க் ரெஞ்சால் முறுக்குங்கள். ஃபோர்டு, செவர்லே, ராம் வண்டிகளில் மாடலைப் பொறுத்துப் பொதுவாக 130 முதல் 150 அடி-பவுண்டு; அலாய் சக்கர டன்ட்ராவில் இதைவிடக் குறைவு. உங்கள் வண்டிக்கான சரியான எண் கையேட்டில் இருக்கும். 50 முதல் 100 மைல் ஓடிய பிறகு மறுபடி ஒருமுறை இறுக்கிப் பாருங்கள்.