இனிப்பு பற்றிய ஆய்வுச் செய்திகளைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

2015 மார்ச் மாதக் கடைசியில் ஜெர்மனியின் பில்ட் நாளிதழ் முதல் பக்கத்தில் ஒரு செய்தி போட்டது. உணவுக் கட்டுப்பாட்டில் இருப்பவர்கள் தினமும் கொஞ்சம் கறுப்புச் சாக்லேட் சாப்பிட்டால் எடை இன்னும் வேகமாகக் குறையும் என்பது செய்தி. பல நாட்டு ஊடகங்கள் அதை எடுத்துப் போட்டன. அந்த ஆய்வு உண்மையிலேயே நடந்தது. ஆட்களைச் சேர்த்தார்கள், எடை பார்த்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், ஒரு மருத்துவ இதழில் கட்டுரையும் வந்தது. இரண்டு மாதம் கழித்து, அதை நடத்தியவர்களில் ஒருவரான ஜான் பொஹானன் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் எல்லாவற்றையும் வெளிப்படையாக எழுதினார். தரமில்லாத உணவு ஆய்வு எவ்வளவு சுலபமாகச் செய்தியாகிறது என்று காட்டுவதற்காகவே ஒரு ஆவணப்படக் குழுவோடு சேர்ந்து அதைச் செய்ததாகச் சொன்னார்.

அவர்கள் எந்த எண்ணையும் பொய்யாக எழுதவில்லை. அதுதான் இதில் முக்கியம். கடைசிவரை இருந்தவர்கள் 15 பேர். அவர்களை மூன்று குழுவாகப் பிரித்து மூன்று வாரம் கவனித்தார்கள். எடை, கொலஸ்ட்ரால், தூக்கம், மனநிலை என்று 18 விஷயங்களை அளந்தார்கள். ஐந்தைந்து பேர் கொண்ட குழுக்களில் 18 விஷயங்களை அளந்தால், ஏதோ ஒன்றில் தற்செயலாகவே வித்தியாசம் தெரிந்துவிடும். அறிவியலில் வழக்கமாக வைக்கும் அளவுகோலின்படி, குறைந்தது ஒன்றாவது அப்படி மாட்டுவதற்கு ஏறத்தாழ 60 சதவீத வாய்ப்பு உண்டு. அவர்களுக்கு மாட்டியது எடை. வேறொன்று மாட்டியிருந்தால் தலைப்பு வேறாக இருந்திருக்கும்.

அதனால் இனிப்பைப் பற்றி ஆய்வுச் செய்தி ஒன்று வாட்ஸ்அப்பில் வந்தால், எத்தனை பேரை, எத்தனை நாள் கவனித்தார்கள் என்று முதலில் தேடுங்கள். செய்தியிலேயே அந்த எண்ணிக்கை இல்லையென்றால் அதை நம்பி சாப்பாட்டில் எதையும் மாற்ற வேண்டாம். அப்புறம் இரண்டு கேள்விகள். எவ்வளவு சாப்பிட்டார்கள்? எதற்குப் பதிலாகச் சாப்பிட்டார்கள்? இனிப்பு விஷயத்தில் நாம் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த இரண்டையும் கேட்காமல், நல்லதா கெட்டதா என்று மட்டும் கேட்பதால் வருபவை.

மாத்திரையில் இருந்ததும் கடையில் இருப்பதும்

சாக்லேட் இதயத்துக்கு நல்லது என்ற பேச்சுக்குப் பின்னால் தரமான ஆய்வும் இருக்கிறது. அமெரிக்காவில் 21,000-க்கும் மேற்பட்ட முதியவர்களை வைத்து நடத்திய காஸ்மாஸ் சோதனையின் முடிவு 2022-இல் வந்தது. மாரடைப்பு, பக்கவாதம் உள்ளிட்ட இதயநோய் நிகழ்வுகளை மொத்தமாகக் கணக்கெடுத்தபோது உறுதியாகச் சொல்லும்படி குறைவு இல்லை. இதயநோய் மரணங்களைத் தனியாகப் பார்த்தபோது 27 சதவீதம் குறைவாக இருந்தது. தலைப்புகளில் இடம்பிடித்தது இந்த இரண்டாவது எண்தான். ஆனால் சோதனை தொடங்கும்போதே முதன்மைக் கேள்வி என்று அறிவித்திருந்தது முதலாவதை.

அதோடு, அவர்கள் சாப்பிட்டது சாக்லேட்டே அல்ல. காக்கோவிலிருந்து பிரித்தெடுத்த ஃப்ளேவனால் என்ற பொருள், நாளைக்கு 500 மில்லிகிராம், மாத்திரை வடிவில். காக்கோக் கொட்டையைப் புளிக்கவைத்து, வறுத்து, நிறமும் மென்மையும் வருவதற்காகக் காரம் சேர்த்துப் பதப்படுத்தும்போது அந்தப் பொருளில் பெரும்பகுதி போய்விடுகிறது. மீதி கொஞ்சத்தோடு சர்க்கரையும் பாலும் கொழுப்பும் சேர்ந்ததுதான் கடையில் கிடைக்கும் மில்க் சாக்லேட். மாத்திரையின் பலனை அதற்குப் பொருத்திச் சொல்வது தவறு. வெந்தயம், இலவங்கப்பட்டை, மஞ்சள் பற்றிய செய்திகளிலும் இதே தவறு நடக்கிறது. ஆய்வில் கொடுத்தது செறிவான சாறு, நாம் போடுவது ஒரு சிட்டிகை.

வெல்லம் போட்டால் கணக்கில்லை என்று நினைப்பது

நம் வீடுகளில் மிகவும் பரவலான தவறு இதுதான் என்பது என் எண்ணம். வெள்ளைச் சர்க்கரையை நிறுத்திவிட்டு நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, தேன் என்று மாறியவர்கள், இனிப்பையே குறைத்துவிட்டதாக நம்புகிறார்கள். வெல்லத்தில் பெரும்பங்கு அதே சுக்ரோஸ்தான். மீதியில் கொஞ்சம் குளுக்கோஸ், ஃப்ரக்டோஸ், ஈரம், சிறிதளவு தாதுக்கள். பத்து கிராம் சர்க்கரையில் 40 கலோரி என்றால் பத்து கிராம் வெல்லத்தில் 38-ஐ ஒட்டி வரும். வெல்லத்தின் இனிப்பு சற்று மட்டு என்பதால் பலர் கூடுதலாகவே போடுகிறார்கள். தேனில் ஐந்தில் நான்கு பங்கு சர்க்கரை வகைகள்தான்.

வெல்லத்தில் இரும்புச்சத்து இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. மண், ரகம், காய்ச்சும் பாத்திரம் ஆகியவற்றைப் பொறுத்து அளவு மாறும். ஆனாலும் பத்து கிராம் வெல்லத்தில் கிடைப்பது ஒரு மில்லிகிராமை ஒட்டியோ அதற்குக் கீழோதான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் வெளியிட்ட பரிந்துரைப்படி ஒரு பெண்ணுக்கு நாளைக்கு 29 மில்லிகிராம் இரும்புச்சத்து வேண்டும். வெல்லத்தால் அதை நிரப்பப் பார்த்தால் அதற்குள் சர்க்கரை எல்லை மீறிப்போகும். நூறு கிராம் கம்பில் 6 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. ரத்தசோகை உள்ள பெண்ணிடம் வெல்லம் சாப்பிடு என்று சொல்லி அனுப்புவது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம். அவருக்கு வேண்டியது பரிசோதனையும் மாத்திரையும் நல்ல சாப்பாடும்.

எவ்வளவு என்ற கேள்விக்கு உலக சுகாதார நிறுவனம் 2015-இலேயே ஒரு எல்லை சொல்லிவிட்டது. உணவில் நாம் சேர்க்கும் சர்க்கரை, தேன், பாகு, பழச்சாற்றில் உள்ள சர்க்கரை எல்லாம் சேர்ந்து மொத்தக் கலோரியில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 5 சதவீதத்துக்குக் கீழே வந்தால் இன்னும் நல்லது. நாளைக்கு 2,000 கலோரி சாப்பிடுபவருக்கு இது 50 கிராம், 25 கிராம் என்று வரும். ஒரு சின்னத் தேக்கரண்டி சர்க்கரை நான்கு கிராம் என்று வைத்துக்கொண்டால், இரண்டு தேக்கரண்டி போட்டு நாளைக்கு மூன்று காபி குடிப்பவருக்கு அதிலேயே 24 கிராம் ஆகிவிடுகிறது. அவர் இன்னும் ஒரு லட்டைக்கூடத் தொடவில்லை. 330 மில்லி கோலா கேன் ஒன்றில் ஏறத்தாழ 35 கிராம்.

இதைச் சொன்னதும் கடலை மிட்டாயும் கூடாதா என்று கேட்பவர்கள் உண்டு. எதற்குப் பதிலாக என்ற கேள்வி இங்கேதான் உதவும். வெறும் சர்க்கரைப் பாகும் நிறமும் மட்டுமே உள்ள மிட்டாய்க்குப் பதிலாகக் குழந்தைக்குக் கடலை மிட்டாய் கொடுத்தால் அது நல்ல மாற்றம். நிலக்கடலையில் கால்பங்கு புரதம், நல்ல கொழுப்பும் உண்டு. ஒரு கொத்து சுண்டலுக்குப் பதிலாக அதைக் கொடுத்தால் நஷ்டம். கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது பெருமையான விஷயம். அது மருந்து என்று யாரும் விற்க வேண்டியதில்லை, நல்ல தின்பண்டம் என்பதே போதும்.

சுகர் ஃப்ரீ: அளவு மீறிய நம்பிக்கையும் அளவு மீறிய பயமும்

தீபாவளி சமயத்தில் சுகர் ஃப்ரீ அட்டை போட்ட மைசூர்பாகும் பர்ஃபியும் நிறைய விற்கும். சர்க்கரை நோயாளிகள் அதைத் தாராளமாகச் சாப்பிடலாம் என்று நினைப்பது ஆபத்து. சர்க்கரைதான் இல்லை. கடலை மாவு, மைதா, கோவா, நெய் எல்லாம் அப்படியே இருக்கின்றன. மாவுச்சத்து குளுக்கோஸாகத்தான் மாறும், கோவாவில் பால் சர்க்கரை உண்டு. பலவற்றில் இனிப்புக்காக மால்டிடால், சார்பிடால் போன்ற சர்க்கரை ஆல்கஹால்கள் சேர்க்கிறார்கள். மால்டிடாலிலும் சர்க்கரையில் பாதிக்குமேல் கலோரி இருக்கிறது, ரத்தச் சர்க்கரையையும் ஓரளவு ஏற்றும். நிறையச் சாப்பிட்டால் வயிறு உப்பி, பேதியும் ஆகும். அதனால்தான் பாக்கெட்டில் மலமிளக்கும் என்ற எச்சரிக்கை அச்சடித்திருக்கிறது.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. 2023 ஜூலையில் புற்றுநோய் ஆராய்ச்சிக்கான சர்வதேச முகமை, டயட் பானங்களில் சேர்க்கும் செயற்கை இனிப்பான அஸ்பார்டேமை 2பி என்ற பிரிவில் சேர்த்தது. செயற்கை இனிப்பு புற்றுநோய் தரும் என்று உடனே செய்தி பறந்தது. அந்தப் பிரிவு சொல்வது, ஒரு பொருளால் புற்றுநோய் வரக்கூடும் என்பதற்குக் குறைந்த அளவு சான்று இருக்கிறது என்பதை மட்டுமே. எவ்வளவு சாப்பிட்டால் வரும் என்று அது சொல்லாது. கற்றாழை முழு இலைச் சாறும் அதே பிரிவில்தான் இருக்கிறது. அதே நாளில் உணவுச் சேர்க்கைகளை மதிப்பிடும் இன்னொரு சர்வதேச நிபுணர் குழு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 40 மில்லிகிராம் என்ற பழைய தினசரி எல்லையை மாற்ற வேண்டியதில்லை என்றது. 60 கிலோ எடையுள்ளவருக்கு அது 2,400 மில்லிகிராம். ஒரு டயட் கோலா கேனில் 200 முதல் 300 மில்லிகிராம் இருக்கும் என்றால், எட்டு முதல் பன்னிரண்டு கேன் தினமும் குடித்தால்தான் எல்லையை எட்டுவார். ஃபீனைல்கீட்டோனூரியா என்ற பிறவிக் குறைபாடு உள்ளவர்கள் மட்டும் அஸ்பார்டேமைக் கண்டிப்பாகத் தவிர்க்க வேண்டும்.

சரி, அப்படியானால் தினமும் பயன்படுத்தலாமா? எடை குறைப்பதற்காக இத்தகைய இனிப்பூட்டிகளை நம்ப வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் அதே ஆண்டு மே மாதம் அறிவுரை தந்தது. ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு அந்த அறிவுரை பொருந்தாது என்றும் சேர்த்தே சொன்னது. அது நிபந்தனையோடு தந்த அறிவுரைதான், உறுதியான அறிவுரை அல்ல. காரணம், நீண்டகால ஆய்வுகளில் இனிப்பூட்டி சாப்பிடுகிறவர்களுக்கு நோய் அதிகமாகத் தெரிந்தாலும், எடை கூடியதால்தான் அவர்கள் அதற்கு மாறினார்களா, மாறியதால் நோய் வந்ததா என்று பிரிப்பது கடினம். ஆய்வுச் செய்தியில் 'தொடர்பு உள்ளது' என்று இருந்தால் அதை 'காரணம்' என்று படித்துவிடாதீர்கள்.

யார் காசு கொடுத்தார்கள்

1967-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ஹார்வர்டு விஞ்ஞானிகளின் மதிப்பாய்வு ஒன்று வந்தது. இதயநோய்க்குக் கொழுப்பைச் சுட்டிக்காட்டி, சர்க்கரையின் பங்கைக் குறைத்துக் காட்டியது. அதற்குச் சர்க்கரை நிறுவனங்களின் ஆராய்ச்சி அமைப்பு 6,500 டாலர் கொடுத்திருந்தது 2016-இல்தான் பழைய கடிதங்கள் மூலம் வெளியே வந்தது. கட்டுரையில் அந்தப் பணத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. இன்று தரமான இதழ்களில் கட்டுரையின் கடைசியில் நிதி விவரம் இருக்கும், படியுங்கள். ஆனால் நிறுவனம் காசு கொடுத்தது என்பதாலேயே முடிவைத் தூக்கி எறிவதும் சரியல்ல. மேலே சொன்ன காக்கோ சோதனைக்கும் சாக்லேட் நிறுவனமான மார்ஸ் நிதி கொடுத்தது. அப்படியும் முதன்மைக் கேள்வியில் பலன் உறுதியாகவில்லை என்றே முடிவு வெளியானது.

குழந்தைகள் விஷயத்தில்

இனிப்பு சாப்பிட்டால் பிள்ளைகள் அடங்க மாட்டார்கள் என்று எல்லோரும் சொல்வோம். 1994-இல் வந்த ஓர் ஆய்வில் 35 சிறுவர்களுக்கு அஸ்பார்டேம் கலந்த, சர்க்கரை இல்லாத பானம் கொடுத்தார்கள். பாதித் தாய்மார்களிடம் மட்டும் பிள்ளைக்குச் சர்க்கரை கொடுத்ததாகச் சொன்னார்கள். அந்தத் தாய்மார்கள்தான் தங்கள் பிள்ளை அதிகம் ஆட்டம் போட்டதாக மதிப்பிட்டார்கள். யாருக்கு எது கொடுத்தார்கள் என்று தெரியாமல் நடத்திய சோதனைகளை மறு ஆண்டு ஒன்றுசேர்த்துப் பார்த்தபோதும், சர்க்கரை குழந்தைகளின் நடத்தையை மாற்றியதாகத் தெரியவில்லை.

நிறங்கள் வேறு கதை. 2007-இல் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் நடந்த ஆய்வில், சில செயற்கை நிறங்களும் உணவு கெடாமலிருக்கச் சேர்க்கும் சோடியம் பென்சோயேட்டும் கலந்த பானம் சில குழந்தைகளின் துறுதுறுப்பைக் கொஞ்சம் கூட்டியது. அந்த நிறங்கள் உள்ள உணவுகளில் எச்சரிக்கை வாசகம் போட வேண்டும் என்று 2010 முதல் ஐரோப்பிய ஒன்றியம் விதித்தது. நம் ஊரில் 2024 பிப்ரவரியில் பஞ்சு மிட்டாயில் ரோடமைன் பி என்ற துணிச் சாயம் இருப்பது தெரிந்து தமிழ்நாட்டில் விற்பனையைத் தடை செய்தார்கள். அது உணவுக்கு அனுமதியே இல்லாத பொருள். அனுமதித்த நிறத்தை அளவோடு போடுவதையும் இதையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. பாக்கெட் இல்லாமல், கண்ணைப் பறிக்கும் நிறத்தில் விற்கும் மிட்டாயைப் பிள்ளைகளுக்கு வாங்கித் தராதீர்கள்.

பல்லைப் பொறுத்தவரை எவ்வளவு சர்க்கரை என்பதைவிட எத்தனை தடவை என்பது பெரிய விஷயம். இது ஸ்வீடனில் அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களுக்கான விப்பெஹோல்ம் காப்பகத்தில் 1940-களிலும் 50-களிலும் நடந்த ஆய்விலிருந்து தெளிவானது. சம்மதம் சொல்ல முடியாத நோயாளிகளுக்கு ஒட்டும் டாஃபியைத் தினமும் கொடுத்து அவர்கள் பற்களை அழித்தார்கள். இன்று எந்த நெறிமுறைக் குழுவும் அனுமதிக்காத கொடுமை அது. சாப்பாட்டு வேளைகளுக்கு நடுவில் ஒட்டும் இனிப்பைத் தின்றவர்களுக்கே சொத்தை மிக அதிகம். ஆகவே நாள் முழுக்க ஒவ்வொரு மிட்டாயாகச் சப்புவதைவிட, சாப்பாட்டோடு ஒரே தடவையில் இனிப்பை முடித்துவிடுவது பல்லுக்கு நல்லது.

கடைசியாக, அதிமதுரம். தொண்டைக் கரகரப்புக்கு வாயில் போட்டுக்கொள்கிறோம், மேலை நாடுகளில் அதன் சாற்றிலிருந்து கறுப்பு மிட்டாய் செய்கிறார்கள். அதில் உள்ள கிளிசிரைசின் உடலில் பொட்டாசியத்தைக் குறைத்து ரத்த அழுத்தத்தை ஏற்றும். தினமும் அந்த மிட்டாயை நிறையச் சாப்பிட்டுவந்த 54 வயது அமெரிக்கர் ஒருவர் பொட்டாசியம் குறைந்து இதயம் நின்று இறந்ததை 2020-இல் மருத்துவ இதழ் பதிவு செய்தது. மூலிகைதானே என்று வாரக்கணக்கில் தினமும் எடுப்பதுதான் இதில் தவறு. இருமலுக்கு இரண்டொரு நாள் எடுப்பது வேறு. ரத்த அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ மாத்திரை சாப்பிடுகிறவர்கள், நீர் பிரிய மாத்திரை எடுப்பவர்கள், அதிமதுரப் பொடியைத் தொடர்ந்து எடுப்பதாக இருந்தால் தங்கள் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.