கன்று வாங்கும்போதே தொடங்கும் தவறுகள்: சிறு வாழைத் தோட்டக்காரர்கள் தவிர்க்க வேண்டியவை

வாழையில் நட்டம் வந்தால் உடனே உரத்தையும் தண்ணீரையும்தான் குறை சொல்கிறோம். என்னைக் கேட்டால், பாதித் தவறுகள் குழி தோண்டும் முன்பே நடந்து முடிந்துவிடுகின்றன. நாம் பயிரிடும் வாழைக்கு விதை கிடையாது. தாய்க் கிழங்கிலிருந்து பெயர்த்தெடுக்கும் கன்றுதான் விதை. ரகமும் அதில்தான் வருகிறது. கிழங்கைக் குடையும் கூன்வண்டு, வேரைத் தாக்கும் நூற்புழு, வைரஸ் எல்லாம் அதே கிழங்கில்தான் வருகின்றன. பெரிய பண்ணைக்காரர் ஆய்வகத்தில் வளர்த்த கன்றை வாங்குவார். சிறு விவசாயிக்குப் பக்கத்துத் தோட்டத்திலிருந்தோ சொந்தக்காரர் வீட்டிலிருந்தோ கன்று வருகிறது. உலகில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ரகங்கள் பிழைத்துக் கிடப்பது இந்தக் கைமாற்றால்தான். நோய்கள் ஊர் தாண்டிப் போவதும் இதே வழியில்தான்.

கன்றைப் பார்க்கத் தெரியாமல் எடுப்பது

அகன்ற இலையோடு பச்சைப்பசேலென்று நிற்கும் கன்றைப் பார்த்ததும் கை தானாக அதன் பக்கம் போகும். அது பெரும்பாலும் நீர்க்கன்றாக இருக்கும். தாயோடு அதற்குப் பிடிப்பு குறைவு. தன் சாப்பாட்டைத் தானே தேடவேண்டிய நிலையில் இருப்பதால்தான் சீக்கிரமே இலையை விரித்திருக்கிறது, கிழங்கு சிறுத்திருக்கும். எடுக்கவேண்டியது ஈட்டி இலைக் கன்று. இலை குறுகி வாள் போல இருக்கும், பார்வைக்கு எளிய கன்றுதான், ஆனால் அடி பருத்திருக்கும்.

அடுத்தது கிழங்கைச் சீவாமல் அப்படியே கொண்டுவருவது. வேரையெல்லாம் நறுக்கிவிட்டு, மேல்தோலை வெள்ளைச் சதை தெரியும்வரை மெல்லச் சீவிப் பாருங்கள். செம்பழுப்புப் புள்ளிகள் நூற்புழுவின் வேலை. சுரங்கம் குடைந்திருந்தால் அது கூன்வண்டுப் புழு. லேசான புள்ளியென்றால் சீவி எறியலாம், சுரங்கம் உள்ளே போனால் கன்றையே எறிந்துவிடுங்கள். இதைக் கன்று எடுத்த தோட்டத்திலேயே செய்யவேண்டும். நம் வயல் வரப்பில் உட்கார்ந்து சீவினால் சீவலோடு புழுவும் முட்டையும் நம் மண்ணுக்கு வந்து சேரும். சீவிய கிழங்கை இரவு முழுக்க வயலிலேயே போட்டு வைப்பதும் தவறு. புதிதாக வெட்டிய கிழங்கின் வாசனைக்குக் கூன்வண்டு தேடி வரும், அதுவும் இரவில் நடமாடுகிற பூச்சி.

சீவிய கிழங்கை 52 முதல் 55 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் 20 நிமிடம் வைப்பது பழைய பரிந்துரை. வெப்பமானி இல்லாத வீட்டில் இது நடக்கிற காரியமில்லை. சூடு கொஞ்சம் கூடினால் கிழங்கு வெந்துவிடும், குறைந்தால் புழு பிழைத்துவிடும். ஆப்பிரிக்காவில் ஆராய்ச்சியாளர்கள் இதைச் சுருக்கிக் கொடுத்தார்கள்: கொதிக்கிற தண்ணீரில் 30 விநாடி முக்கி எடுத்தால் போதும். முப்பது எண்ணத் தெரிந்தவர் எவரும் செய்யலாம். என்னைப் பொறுத்தவரை, சிறு விவசாயிக்காக யோசித்துச் செய்த ஆராய்ச்சிக்கு இதைவிட நல்ல உதாரணம் குறைவு.

ஆய்வகத்தில் வளர்த்த திசு வளர்ப்புக் கன்று வாங்கிவிட்டால் நோய் பயமே இல்லை என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். தாய்ச் செடியைச் சோதித்துத் தயாரித்திருந்தால் அது நோயில்லாத கன்று, அவ்வளவுதான். நோயை எதிர்க்கும் கன்று என்று அதற்குப் பொருளில்லை. நோய் ஏறிய மண்ணில் வைத்தால் அதன் இளம் வேர் இன்னும் சீக்கிரமாகவே மாட்டிக்கொள்ளும்.

வாழைதானே என்று எல்லாவற்றையும் ஒன்றாக நடத்துவது

பயிரிடும் வாழைகளில் பெரும்பாலானவை இரண்டு காட்டு இனங்களின் வழிவந்தவை: மூசா அக்யுமினாட்டா, மூசா பால்பிசியானா. 1955இல் சிம்மண்ட்ஸ், ஷெப்பர்டு இருவரும் இவற்றை ஏ, பி என்று குறித்து, எந்த ரகத்தில் எது எத்தனை பங்கு என்று பிரித்துக் காட்டினார்கள். கேவண்டிஷ் ஏஏஏ. நேந்திரன் சேர்ந்திருக்கும் சமையல் வாழைக் கூட்டமான பிளான்டெய்ன் ஏஏபி. மொந்தன் ஏபிபி. பொதுவாக பி பங்கு கூடக்கூட வறட்சியைத் தாங்கும் திறனும் கூடும். இந்த எழுத்துகளை விவசாயி மனப்பாடம் செய்யத் தேவையில்லை. ஆனால் கையேடுகளில் வரும் இடைவெளி, உர அளவு, கன்று கழிக்கும் அட்டவணை பலவும் கேவண்டிஷை மனதில் வைத்து எழுதியவை. உலக உற்பத்தியில் ஏறத்தாழ பாதி அதுதான் என்பதால் ஆராய்ச்சியும் அந்தப் பக்கமே சாய்ந்துவிட்டது.

கேவண்டிஷில் பக்கக் கன்றுகள் முண்டியடித்து வரும். ஒரு தாய், ஒரு மகள், ஒரு பேத்தி என்று விட்டு மற்றதைக் கழிக்காவிட்டால் தார் சிறுத்துவிடும். பிளான்டெய்னில் நிலைமை தலைகீழ். கன்று இருக்கும், ஆனால் தாய் பூத்துத் தார் வெட்டும்வரை அது மேலே வரத் தயங்கும். அங்கேயும் அட்டவணைப்படி கத்தியை எடுத்தால் மறுதாம்புக்கு, அதாவது அதே தூரிலிருந்து வரும் அடுத்த பயிருக்கு, ஒன்றும் மிஞ்சாது. பிளான்டெய்னுக்குள்ளேயே கொம்பு வகை காய் பெருத்துச் சில சீப்போடு நின்றுவிடும். பிரெஞ்சு வகை சிறு காய்களாக நிறையத் தள்ளும். கொம்பு வகையை நட்டுவிட்டு சீப்பு குறைகிறதே என்று உரத்தைக் கொட்டுவது வீண் செலவு.

மேற்கு ஆப்பிரிக்காவில் வெகு காலமாகக் கவனித்த ஒன்று: வயலில் நட்ட பிளான்டெய்ன் முதல் தாருக்குப் பிறகு சடசடவென்று சரிகிறது. வீட்டுக் கொல்லையில் நட்ட அதே ரகம் ஆண்டுக்கணக்கில் காய்க்கிறது. அடுப்புச் சாம்பலும் தோலும் குப்பையும் நாள்தோறும் அதன் அடியில் விழுகின்றன, வேர் மேலேறி வந்தாலும் மூடாக்கு கிடக்கிறது. வாழை வேர் பெரும்பாலும் மேல்மண்ணில்தான் ஓடுகிறது. மண்ணைத் துப்புரவாகக் கூட்டி வழித்து வைத்திருக்கும் தோட்டம் பார்க்க அழகாக இருக்கும், வாழைக்கு அதுதான் பட்டினி.

பல பெயர் இருந்தால் பல ரகம் என்று நம்புவது

ஒரே ரகம் பள்ளத்தாக்குக்குப் பள்ளத்தாக்கு வேறு பெயரில் திரியும். ஆறு பெயர் வைத்திருக்கும் தோட்டத்தில் உண்மையில் மூன்று ரகம் இருக்கலாம். இதைவிட நுட்பமான தவறு, ரகங்கள் வேறாக இருந்தும் ஒரே நோய்க்கு எல்லாம் இரையாகும்படி தேர்ந்தெடுப்பது. ரஸ்தாளி, கற்பூரவள்ளி இரண்டும் வெவ்வேறு குலம். ஆனால் மண்ணில் தங்கும் பூஞ்சணத்தால் வரும் பனாமா வாடல் நோயின் பழைய வகைக்கு இரண்டுமே விழும். பூவன் அதே மண்ணில் நிற்கும், ஆனால் அதற்கு இலையில் கீற்று விழும் வைரஸ் தொல்லை உண்டு. என் தோட்டத்தில் எத்தனை ரகம் என்று எண்ணுவதைவிட, இந்த நோய் வந்தால் எத்தனை நிற்கும் என்று எண்ணுவது உருப்படியான கணக்கு.

குரோ மிஷெல் கதை பலருக்குத் தெரிந்ததுதான். ஏற்றுமதிச் சந்தையை ஆண்ட அந்த ரகத்தைப் பனாமா வாடல் 1960களுக்குள் ஒழித்துக்கட்டியது; அந்த இடத்துக்குக் கேவண்டிஷ் வந்தது. இப்போது கேவண்டிஷையும் வீழ்த்தும் டிஆர்4 என்ற பனாமா வாடல் வகை ஆசியாவிலிருந்து கிளம்பி, 2013இல் மொசாம்பிக்கிலும் 2019இல் கொலம்பியாவிலும் உறுதியானது.

எல்லா நோய்க்கும் ஒரே வைத்தியம்

இங்கேதான் அதிகச் சேதம். மூன்று நோய்களை எடுத்துக்கொள்வோம், மூன்றின் நடத்தையும் வேறு.

முடிக்கொத்து நோய் வைரஸ். சாறு உறிஞ்சும் பூச்சியான அசுவினி பரப்பும், கிழங்கு வழியாகத் தூரிலிருக்கும் எல்லாக் கன்றுகளுக்கும் போய்ச் சேரும். இலைக்காம்பையும் நடுநரம்பையும் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் கரும்பச்சையில் புள்ளியும் கோடுமாக, தந்திக் குறிகள் போலத் தெரியும். பிறகுதான் இலைகள் குறுகி உச்சியில் கொத்தாக நிற்கும். கொத்து விழும்வரை காத்திருப்பது முதல் தவறு. நோயுற்ற மரத்தை மட்டும் வெட்டிவிட்டு, பக்கத்தில் நன்றாக நிற்கும் கன்றை எடுத்து நடுவது அதைவிடப் பெரிய தவறு. ஏறிய நோய் வெளியே தெரிய வாரக்கணக்கில் ஆகும். முதலில் மரத்திலேயே அசுவினியைக் கொல்லவேண்டும், பிறகு தூரோடு தோண்டி அழிக்கவேண்டும். வெட்டிப் போட்டால் அசுவினி அடுத்த மரத்துக்குக் குடிபெயரும். 1920களில் ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரை வாழைத் தோட்டங்கள் இந்த நோயில் அழிந்துகொண்டிருந்தபோது, மேகீ என்ற ஆய்வாளர் அசுவினியின் பங்கைக் கண்டறிந்தார். நோயுற்ற தூர்களை உடனே அழிப்பது, சுத்தமான கன்று மட்டும் நடுவது, இந்த இரண்டையும் கட்டாயமாக்கித்தான் அங்கே வாழை மீண்டது.

சாந்தோமோனாஸ் வாடல் பாக்டீரியா நோய். எத்தியோப்பியாவில் 1968இல் பதிவாகி, 2001இல் உகாண்டாவில் வாழையில் பரவியது. தண்டை வெட்டினால் மஞ்சள் கசிவு வரும். பூவுக்கு வரும் பூச்சிகளும் வெட்டும் கத்தியும்தான் இதைக் கொண்டுபோகின்றன. இங்கே முழுத் தூரையும் தோண்டவேண்டிய கட்டாயமில்லை, ஏனென்றால் பாக்டீரியா எல்லாத் தண்டுக்கும் போவதில்லை. நோயுற்ற தண்டை மட்டும் தரையோடு வெட்டிக்கொண்டே வந்தால் போதும். கடைசிச் சீப்பு வந்ததும் ஆண் பூவை நீக்கவேண்டும், அதுவும் கத்தியால் அறுக்காமல் கவைக்கோலால் முறுக்கி ஒடிக்கவேண்டும். கத்தி மரத்துக்கு மரம் நோயைச் சுமக்கும். கத்தி எடுத்தே ஆகவேண்டிய வேலையென்றால் ஒவ்வொரு மரத்துக்குப் பிறகும் நெருப்பில் காட்டுங்கள்.

பனாமா வாடல் பூஞ்சணம், மண்ணில் பல பத்தாண்டு உயிரோடு கிடக்கும். மருந்து அடித்துப் பயனில்லை. இதில் மரத்தைப் பிடுங்கி வயல் குறுக்கே இழுத்துப் போவதுதான் கேடு. நோய் கண்ட இடத்தைச் சுற்றி வேலி போட்டு, உள்ளே போன மண்வெட்டியும் செருப்பும் வெளியே வராமல் பார்க்கவேண்டும். பாசன நீர் அந்த இடத்தின் வழியாக ஓடுகிறதா என்றும் கவனியுங்கள்.

இலைப்புள்ளிக்குப் பயந்து இலைகளை மொத்தமாகக் கழிப்பவர்களுக்கு ஒரு சொல்: பூக்கும்போது எட்டு இலையாவது நன்றாக இருந்தால்தான் தார் திரளும். காய்ந்த பகுதியை மட்டும் நறுக்கினால் போதும்.

புதியது வந்ததும் பழையதைத் தோண்டி எறிவது

நோய் தாங்கும் கலப்பினங்கள் வரவேற்கவேண்டியவையே. ஆனால் தார் எடையைப் பார்த்து மட்டும் மாறிவிட்டு, வேகவைத்தால் பிடிக்கவில்லை என்று திரும்பி வருபவர்கள் உண்டு. திரும்பி வரும்போது பழைய கன்று ஊரில் இருப்பதில்லை. பெல்ஜியத்தின் லூவன் நகரில் 1985 முதல் இயங்கும் வாழை மரபணு மையத்தில் 1,500க்கும் மேற்பட்ட மாதிரிகள் இருக்கின்றன. அங்கிருந்து ஒரு ரகம் விவசாயியின் குழிக்கு வந்து சேர நெடுநாள் ஆகும். மைக்ரோனீசியாவின் போன்பெய் தீவில் கராட் என்ற ஆரஞ்சுச் சதை வாழையை மக்கள் கிட்டத்தட்ட மறந்திருந்தார்கள். அதில் வைட்டமின் ஏ ஆக மாறும் சத்து மிகுதி என்று ஆய்வில் தெரிந்தபிறகே அதற்கு மறுபடி மதிப்பு வந்தது.

ஆகவே புதியதை முதலில் சில குழியில் மட்டும் வைத்து, தாய்ப்பயிரும் ஒரு மறுதாம்பும் பார்த்து, சமைத்தும் பழுக்கவைத்தும் தின்றுபாருங்கள். பழைய ரகத்தில் இரண்டு மூன்று தூர்களை, நோய் கண்ட பகுதிக்கும் தண்ணீர் வரும் வாய்க்காலுக்கும் எட்டாத மூலையில் விட்டுவையுங்கள். பெயரையும் எங்கிருந்து வந்தது என்பதையும் ஒரு நோட்டில் எழுதிவைத்தால், கன்று கேட்டு வருபவருக்கு எதைக் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்கலாம்.