லிஸ்பனில் ஒரு நாள்: ஜோடியாகப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

லிஸ்பன் நகரை கைப்பேசி வரைபடத்தில் பார்த்தால் எல்லாமே கூப்பிடு தூரத்தில் இருக்கும். கீழே பைஷா கடைவீதி, மேலே சாவ் ஜார்ஜ் கோட்டை, இடையில் ஒரு விரற்கடை. காலாற நடந்துவிடலாம் என்று நானும் வீட்டுக்காரரும் கிளம்பினோம். வரைபடத்தில் மேடு தெரியாது. பாதி வழியில் யாரோ ஒருவருடைய வீட்டு வாசற்படியில் உட்கார்ந்துகொண்டு, "என்னங்க, மலைக்கோட்டைப் படியே தேவலை போலிருக்கே?" என்றேன். பதில் சொல்ல அவருக்கு மூச்சு இல்லை. மதியம் வரை எங்களுக்குள் பேச்சுவார்த்தை கொஞ்சம் குறைவாகத்தான் இருந்தது.

ஏழு குன்றுகளின் ஊர் என்று பெயர் பெற்ற இடத்தில் தூரத்தைக் கணக்குப் பண்ணி நாளைத் திட்டமிடுவதுதான் முதல் தவறு, மற்ற பல தவறுகளுக்கும் அதுவே தாய். உயரத்தைக் கணக்குப் பண்ணுங்கள். ஏறுவது வண்டியில், இறங்குவது நடந்து. கோட்டைக்குப் பிராசா டா ஃபிகெய்ரா சதுக்கத்திலிருந்து 737 என்ற சின்னப் பேருந்து போகிறது. அதுவும் வேண்டாமென்றால், ருவா டோஸ் ஃபாங்கெய்ரோஸ் தெருவில் சாதாரணக் கட்டடம் போலிருக்கும் ஒன்றுக்குள் இலவச லிஃப்ட் இருக்கிறது. அது ஒரு தெரு உயரம் தூக்கிவிடும். சிறிது நடந்தால் சூப்பர் மார்க்கெட் உள்ள கட்டடத்தில் இன்னொரு லிஃப்ட், கோட்டையடி வரை. உள்ளூர்ப் பாட்டிகள் காய்கறிப் பையோடு அதில்தான் போகிறார்கள்.

கோட்டையிலிருந்து அல்ஃபாமா சந்துகள் வழியாக இறங்கும்போது வழி தவறினால் பயப்பட வேண்டாம், தவறத்தான் வேண்டும். சரிவு போகிற பக்கமே போனால் எப்படியும் தேஜு ஆற்றங்கரைக்கு வந்து சேர்வீர்கள். 1755 நவம்பர் 1 அன்று வந்த நிலநடுக்கமும் அதையடுத்த சுனாமியும் தீயும் நகரின் பெரும்பகுதியை அழித்தன. அல்ஃபாமாவின் பழைய சந்துகள் பெரும்பாலும் தப்பின. பைஷாவில் தெருக்கள் அளவுகோல் வைத்தது போல் நேராக இருப்பது அதன் பிறகு திட்டமிட்டுக் கட்டியதால்.

அடுத்தது 28ஆம் எண் டிராம். மஞ்சள் பெட்டி, மர இருக்கை, எல்லோர் படத்திலும் வரும் அதே வண்டி. மார்டிம் மோனிஸில் வரிசையில் ஒரு மணி நேரம் நின்று ஏறினோம். உள்ளே தீபாவளிக்கு முந்தின நாள் ரங்கநாதன் தெருவில் நிற்பது போல நெரிசல். அவர் முன்னால், நான் பின்னால், ஜன்னல் யாருக்கோ. ஜேப்படிக்காரர்களுக்குப் பெயர்போன வண்டியும் இதுதான், பையை வயிற்றோடு அணைத்துக்கொள்ளுங்கள். ஏறியே தீர வேண்டுமென்றால் விடிந்ததும் போங்கள், அல்லது மறுமுனையான காம்போ டி ஓரிகேயில் ஏறுங்கள். அதே மாதிரிப் பழைய டிராம்தான் 12ஆம் எண்ணிலும் ஓடுகிறது, அல்ஃபாமாவைச் சுற்றி வரும் சின்ன வட்டம்.

(ஜன்னல் என்றதும் ஞாபகம் வருகிறது: அது போர்த்துகீசியச் சொல்தான். சாவியும் மேசையும் அலமாரியும் அப்படியே. ஹோட்டல் வரவேற்பில் "ஷாவ்" என்று சாவியை நீட்டியபோது எனக்கு ஏதோ சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி இருந்தது.)

செருப்பு விஷயத்தை ஒரே வரியில் சொல்லிவிடுகிறேன். நடைபாதை முழுக்கச் சின்னச் சின்னச் சுண்ணாம்புக் கற்கள், லட்சக்கணக்கான கால்கள் பட்டு வழவழத்தவை, தூறல் விழுந்தால் வழுக்கும். படத்துக்காக வாங்கிய குதிகால் செருப்பைப் பெட்டியிலேயே வைத்துவிடுங்கள்.

சாந்தா ஜுஷ்தா லிஃப்ட் 1902இல் திறந்தது, 45 மீட்டர் உயர இரும்புக் கோபுரம். கீழே வரிசை கட்டி நிற்கிறவர்களில் பலருக்கு, மேலே கார்மோ சதுக்கத்தின் பக்கமாக நடந்தே அதன் பாலத்துக்கு வரலாம் என்று தெரியாது. பக்கத்திலேயே 1755இல் கூரை விழுந்து, இன்றுவரை வானமே கூரையாக நிற்கும் கார்மோ மடம். மேட்டுத் தெருக்களில் கம்பி கட்டி இழுக்கும் இழுவை வண்டிகளை நம்பித் திட்டம் போடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2025 செப்டம்பர் 3 அன்று குளோரியா இழுவை வண்டி தடம் புரண்டு 16 பேர் இறந்தார்கள். எது ஓடுகிறது, எது நிறுத்தப்பட்டிருக்கிறது என்று அன்றைக்கு விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள்.

ஆற்றோரம் உள்ள பெலேம் பகுதிக்குத் திங்கட்கிழமை போகாதீர்கள், ஜெரோனிமுஸ் மடம் மூடியிருக்கும். அங்கே பலர் செய்யும் தவறு, மடத்துக்கும் அதன் தேவாலயத்துக்கும் தனித்தனி வரிசை என்று தெரியாமல் நீளமானதில் போய் நிற்பது. வாஸ்கோ ட காமாவின் கல்லறை தேவாலயத்துக்குள் இருக்கிறது. அவர் 1524இல் கொச்சியில் இறந்து, முதலில் அங்கேயே புதைக்கப்பட்டவர். கொச்சிக் கோட்டையில் அந்தக் காலிக் குழியைப் பார்த்த நாங்கள், இங்கே அந்தக் கல் படுக்கையைப் பார்த்தபோது ஏதோ ஒரு சுற்று முடிந்த உணர்வு.

மடத்துக்கு அருகில் 1837இலிருந்து முட்டைக் கிரீம் பேஸ்ட்ரி விற்கும் கடை. வாசலில் பார்சல் வரிசையைப் பார்த்து மலைத்துத் திரும்பிவிடாதீர்கள். உள்ளே நீலவெள்ளை ஓடு பதித்த கூடங்கள் ஒன்றன்பின் ஒன்றாக விரியும், உட்கார்ந்து சாப்பிட இடம் சீக்கிரமே கிடைக்கும். மேலே பட்டைத்தூள் தூவிக்கொள்ளுங்கள்.

உணவகத்தில் கேட்காமலே ரொட்டி, ஆலிவ், பாலாடைக்கட்டி வந்து உட்காரும். உபசாரம் என்று நினைத்துக் கை வைத்தால் பில்லில் வரும். வேண்டாமென்றால் தொடாமல் திருப்பிக் கொடுங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். சைவக்காரர்கள் "பச்சைக் கீரை சூப்" என்று நம்பிச் சொல்லும் கால்டு வெர்டில் பன்றிக்கறி சாசேஜ் துண்டு மிதக்கும். மதியம் 3 மணிக்கு மேல் பல இடங்களில் அடுப்பு அணைந்துவிடும், இரவுச் சமையல் 7 மணிக்குப் பிறகுதான்.

பயண அட்டை ஆளுக்கு ஒன்று வேண்டும். ஒரே அட்டையை இருவருக்கும் தட்டிப் பார்த்து வாசலில் நின்று முழித்தோம்.

சாயங்காலத்தைப் பற்றி நம்மூர்க் கணக்கு அங்கே செல்லாது. நமக்கு வருடம் முழுக்க ஆறு, ஆறரைக்குச் சூரியன் இறங்கிவிடும். லிஸ்பனில் ஜூன் மாதம் இரவு 9 மணி ஆகும், டிசம்பரில் ஐந்தேகாலுக்கே முடிந்துவிடும். ஆறு மணிக்கு மேட்டில் ஏறி மூன்று மணி நேரம் காத்திருந்த ஒரு ஜோடியை எனக்கு நன்றாகத் தெரியும். மேட்டைவிட நல்லது ஆற்றுப் பக்கம். கைஸ் டு சுத்ரேயிலிருந்து கசில்யாஸுக்குப் படகு, பத்து நிமிடம், பேருந்துக் கட்டணம் மாதிரிச் சின்னத் தொகைதான். அக்கரையில் நின்றால் முழு நகரமும் எதிரே, இடப்பக்கம் 1966இல் திறந்த சிவப்புத் தொங்குபாலம், அதற்கு அப்பால் வெளிச்சம் மங்கிக்கொண்டே போகும். படிக்கட்டு ஏறாமல் பார்த்த ஒரே காட்சி எங்களுக்கு அதுதான்.

கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று பார்த்துக்கொண்டு உட்காருங்கள். ஹோட்டல் மேட்டில் இருந்தால் இக்கரை வந்ததும் டாக்சி பிடித்துவிடுங்கள். "நாலு தெருதானே, நடந்துடலாம்" என்று அந்த நேரத்தில் யார் முதலில் சொன்னது என்பதில் எங்கள் வீட்டில் இன்னும் வழக்கு முடியவில்லை.