சிலிண்டர் வாஷரிலிருந்து ஹெல்மெட் வார் வரை: வீட்டிலும் ரோட்டிலும் பார்க்க வேண்டியவை

"கவனமா இரு", "பார்த்துப் போ" என்று ஒருவருக்கொருவர் தினமும் சொல்லிக்கொள்கிறோம். அவசரத்திலும் தூக்கக் கலக்கத்திலும் முதலில் கைவிட்டுப் போவது அந்தக் கவனம்தான். அதனால் பொருள்களை முதலில் சரிபண்ணி வையுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஒரு டார்ச், ஒரு கிண்ணம் சோப்புத் தண்ணீர் போதும்.

கேஸ் சிலிண்டர்

சிலிண்டரை இறக்கிவைத்தவரை உடனே அனுப்பிவிடாதீர்கள். சீலைப் பிரித்து, மூடியைக் கழற்றி, வால்வுக் குழிக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே ஒரு ரப்பர் வாஷர் வட்டமாக உட்கார்ந்திருக்க வேண்டும். அது இல்லாவிட்டாலோ, வெடித்தோ கோணியோ இருந்தாலோ, ரெகுலேட்டரை எவ்வளவு அழுத்தி மாட்டினாலும் ஓரமாகக் கசியும். அந்த நிமிடமே மாற்றித் தரச் சொல்லுங்கள்.

அடுத்து, மேல்வளையத்தைத் தாங்கும் பட்டைகளின் உட்புறத்தைப் பாருங்கள். ஓர் ஆங்கில எழுத்தும் இரண்டு இலக்கமும் இருக்கும். ஏ என்றால் ஜனவரி–மார்ச், பி ஏப்ரல்–ஜூன், சி ஜூலை–செப்டம்பர், டி அக்டோபர்–டிசம்பர். 'பி 27' என்றிருந்தால் 2027 ஜூனுக்குள் அந்த சிலிண்டர் மறுசோதனைக்குப் போக வேண்டும். அந்தத் தேதி தாண்டியிருந்தால் வாங்காதீர்கள்.

மாட்டியதும் அடுப்பின் திருகுகளை மூடிவைத்து ரெகுலேட்டரை மட்டும் திறந்து, அது வால்வில் உட்காரும் இடத்திலும் ட்யூபின் இரண்டு முனைகளிலும் சோப்பு நுரையைத் தடவுங்கள். நுரை புதிதாகக் குமிழி விட்டால் கசிவு. தீக்குச்சி கிழித்துப் பார்க்கும் பழக்கம் சில வீடுகளில் இன்னும் இருக்கிறது. அதை இன்றோடு விட்டுவிட வேண்டும். ஆரஞ்சு நிற சுரக்ஷா ட்யூபின் ஆயுள் 5 ஆண்டு. வருடம் ட்யூபிலேயே அச்சாகியிருக்கும். அடுப்புப் பக்கத்து முனையில்தான் முதலில் விரிசல் விடும், அங்கே லேசாக வளைத்துப் பாருங்கள். நீளம் ஒன்றரை மீட்டருக்கு மேல் வேண்டாம். அடுப்பின் பின்புறம் சுற்றிப் போகும்படியும் விடாதீர்கள்.

ராத்திரி கேஸ் வாடை வந்தால் லைட்டைப் போடாதீர்கள். எரிகிற லைட்டை அணைக்கவும் வேண்டாம். ஸ்விட்சை எந்தப் பக்கம் தட்டினாலும் உள்ளே சிறு பொறி பறக்கும். ஃபேன், எக்ஸாஸ்ட், ஃப்ரிட்ஜ் பிளக் எல்லாவற்றுக்கும் இதே விதிதான். சாமி விளக்கு எரிந்தால் அணையுங்கள், ரெகுலேட்டரை மூடுங்கள். சமையல் வாயு காற்றைவிடக் கனமானது, தரையோடு படர்ந்து தேங்கும். ஜன்னல் மட்டும் திறந்தால் போகாது, வாசல் கதவையும் பின்கதவையும் விரியத் திறக்க வேண்டும். எல்லாரும் வெளியே வந்த பிறகு, தெருவில் நின்று 1906க்குப் போன் செய்யுங்கள்.

வெந்நீர், கரண்ட், பிள்ளைகள்

தவழும் பிள்ளை இருக்கும் வீட்டில் கொதிக்கிற சாம்பாரையும் ரசத்தையும் தரையில் இறக்கி வைக்கவே கூடாது. குளிப்பாட்டும்போது வாளியில் முதலில் பச்சைத் தண்ணீர், அதன் மேல் வெந்நீர். இந்த வரிசை மாறும் அந்த அரை நிமிடத்தில்தான் பிள்ளை கையை விடும். குளித்து முடித்ததும் வாளியைக் கவிழ்த்து வையுங்கள், மூக்கும் வாயும் முழுகும் அளவு தண்ணீர் இருந்தாலே கைக்குழந்தைக்கு ஆபத்து.

சுட்டுவிட்டால் குழாய்த் தண்ணீரில் முழுசாக 20 நிமிடம் காட்டுங்கள். கடிகாரத்தைப் பார்த்தே காட்டுங்கள், இல்லாவிட்டால் மூன்று நிமிடத்தில் நிறுத்திவிடுவோம். வீங்கும் முன்பே வளையலையும் மோதிரத்தையும் கழற்றிவிடுங்கள். தோலில் ஒட்டிய துணியைப் பிய்க்காதீர்கள். பேஸ்ட், இங்க், இட்லி மாவு, ஐஸ் எதுவும் வேண்டாம்: மாவும் பேஸ்ட்டும் சூட்டை உள்ளேயே பிடித்து வைக்கும், ஐஸ் தோலை இன்னும் கெடுக்கும். முகம், கை, மூட்டு, அல்லது உள்ளங்கையைவிடப் பெரிய இடம் என்றால் தண்ணீர் காட்டிய கையோடு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் ஸ்விட்ச்) இருக்கிறதா என்று பாருங்கள். வெறும் எம்சிபி (அளவுக்கு மீறிக் கரண்ட் ஓடினால் விழும் ஸ்விட்ச்) ஒயரைக் காப்பாற்றும், ஆளைக் காப்பாற்றாது. ஆர்சிசிபியில் 'டெஸ்ட்' என்று ஒரு பொத்தான் இருக்கும். மாதம் ஒருமுறை அழுத்தினால் டப்பென்று கரண்ட் போக வேண்டும். போகாவிட்டால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

டூவீலர்

ஹெல்மெட்டில் ஐஎஸ்ஐ முத்திரையோடு 'ஐஎஸ் 4151' என்ற எண் இருக்க வேண்டும். வாரை மாட்டிக்கொண்டு, பிடரிப் பக்கம் கைவைத்து ஹெல்மெட்டை முன்னால் தள்ளுங்கள். கழன்று வந்தால் அளவு பெரிது. விழும்போது தலைக்கு முன்னால் ஹெல்மெட் பறந்துவிடும். தாடைக்கும் வாருக்கும் நடுவே இரண்டு விரல் நுழையலாம், அதற்குமேல் தொய்வு கூடாது. அடியை வாங்குவது உள்ளே இருக்கும் தெர்மாகோல் அடுக்கு. அது ஒருமுறை நசுங்கினால் திரும்ப எழும்பாது. பலமாக அடிபட்ட ஹெல்மெட் வெளியே பளபளவென்று இருந்தாலும் மாற்றிவிடுங்கள்.

ஸ்கூட்டரில் பிள்ளையை முன்னால் நிற்கவைக்கும் வழக்கம் நம் ஊரில் அதிகம். சடன் பிரேக் போட்டால் அதன் வாயும் நெஞ்சும் ஹேண்டில்பாரில்தான் மோதும். 4 வயதுக்கு உட்பட்ட பிள்ளையை ஓட்டுபவரோடு சேர்த்துக் கட்டும் பெல்ட்டோடுதான் ஏற்ற வேண்டும், 9 மாதம் ஆனதிலிருந்து ஹெல்மெட்டும் வேண்டும், வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. 2023 பிப்ரவரி முதல் இது சட்டம். பெரும்பாலான வண்டிகளில் சைலன்சர் வலப்பக்கம் இருக்கும். பிள்ளைகளை எப்போதும் இடப்பக்கமாகவே இறக்குங்கள், கெண்டைக்கால் தப்பும்.

அழகுக்காகச் சேலை கார்டைக் கழற்றிவிடுகிறார்கள். முந்தானையோ துப்பட்டாவோ சக்கரத்தில் சிக்கினால் கண்மூடித் திறக்கும் முன் ஆளை இழுத்துத் தள்ளிவிடும். கார்டைத் திரும்ப மாட்டுங்கள். ஏறும் முன் முந்தானையை இடுப்பில் செருகி, துப்பட்டாவைப் பின்னால் முடிந்துகொள்ளுங்கள்.

பஸ், லாரியின் இடப்பக்கம் நுழைந்து முந்தாதீர்கள். அதன் கண்ணாடியில் டிரைவர் முகம் உங்களுக்குத் தெரியாவிட்டால் நீங்களும் அவருக்குத் தெரியவில்லை. நீளமான வண்டி இடது பக்கம் திரும்பும்போது பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்தில் வராது, உள்ளே ஒடுங்கி வரும். ஓரத்தில் நிற்பவர் அதில்தான் மாட்டுகிறார். காரிலிருந்து இறங்குபவர்கள் கதவுக்குத் தள்ளியிருக்கும் கையால் கதவைத் திறந்து பழகுங்கள். டிரைவர் சீட்டில் இருப்பவருக்கு அது இடது கை. அப்படித் திறந்தால் உடம்பு தானாகத் திரும்பும், பின்னால் வரும் சைக்கிள் கண்ணில் படும்.

யாராவது அடிபட்டுக் கிடந்தால் முதலில் 108. உதவியவர் பெயர், விலாசம் சொல்லியே ஆக வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்த முடியாது. தமிழ்நாட்டில் விபத்து நடந்த முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு 'இன்னுயிர் காப்போம்' திட்டம் இருக்கிறது, திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளிலும் அது செல்லும். ஆம்புலன்ஸ் வரும்வரை கழுத்தை அசைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். ரத்தம் ஓடினால் சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். மயங்கிக் கிடப்பவருக்குத் தண்ணீரோ சோடாவோ கொடுக்காதீர்கள், மூச்சுக்குழாயில் இறங்கிவிடும்.