எக்ஸ்பியை விடமாட்டேன் என்பவர்களுக்கு: தமிழ் வரவைப்பது முதல் பென்டிரைவ் வரை

கோயில் ஆபீஸில் இருக்கிற விண்டோஸ் எக்ஸ்பி கணினியைப் பார்த்துவிட்டு "இதை இன்னும் தூக்கிப் போடலையா?" என்று கேட்காத ஆள் யாங்கூனில் குறைவு. போடவில்லை, போடப்போவதும் இல்லை. பல வருஷத்துத் திருவிழா அழைப்பிதழ், உபயதாரர் பட்டியல், தீமிதி நோட்டீஸ் எல்லாம் பேஜ்மேக்கர் 7 என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் கிடக்கின்றன. போனும் புதிய கணினிகளும் எழுத்துகளுக்குப் பயன்படுத்துகிற பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடு பேஜ்மேக்கருக்குத் தெரியாது. ரசீது அடிக்கிற டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரோ பின்னால் அகலமாக இருக்குமே, அந்தப் பாரலல் போர்ட்டில் மாட்டியிருக்கிறது. கணினியை மாற்றினால் பிரிண்டரை மாற்ற வேண்டும், மென்பொருளை மாற்ற வேண்டும், அத்தனை பழைய கோப்பையும் மாற்ற வேண்டும். நன்றாக ஓடுகிற ஒன்றுக்காக இவ்வளவு செலவு எதற்கு?

ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எக்ஸ்பி 2001 அக்டோபரில் வந்தது, 2014 ஏப்ரல் 8ஆம் தேதியோடு அதற்கான பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிட்டன. ஃபேஸ்புக் பார்க்க, பணம் அனுப்ப, படம் பார்க்க என்று நினைத்தால் இந்தப் பதிவு உங்களுக்கு இல்லை. ஒரே வேலையை ஒழுங்காகச் செய்கிற ஒரு கணினி வேண்டும் என்பவர்களுக்குத்தான்.

கணினி

எக்ஸ்பி ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிற கணினி கிடைத்தால் அதை வாங்குங்கள், ஃபார்மட் அடிக்காதீர்கள். பழைய சாமான் கடைக்காரர் "சுத்தமாப் போட்டுத் தர்றேன்" என்பார், வேண்டாம் என்று சொல்லுங்கள். பிரிண்டர் போன்ற வன்பொருளை ஓட்டுகிற டிரைவர் மென்பொருள்கள் எல்லாம் உட்கார்ந்த நிலையில் இருப்பதுதான் பெரிய சொத்து. கோர் 2 டுவோ காலத்து டெஸ்க்டாப் என்றால் என் கணக்கில் நல்ல ஜோடி. 32 பிட் எக்ஸ்பி 4 ஜிபிக்கு மேல் ராமைப் பயன்படுத்தாது, 2 ஜிபியே தாராளம்.

புதிதாகப் போட்டே ஆக வேண்டும் என்றால் எப்படிப் போடுவது என்று நான் விளக்கப்போவதில்லை, நீல நிறத் திரையில் எஃப்8, என்டர் என்று போகிற அந்தச் சடங்கு தெரியாதவர்கள் இதை வாசிக்க மாட்டார்கள். ஒன்று மட்டும்: பாதியில் 7பி என்று முடிகிற எண்ணோடு நீலத்திரை வந்தால் ஹார்ட் டிஸ்க் கெட்டுப்போகவில்லை. ஹார்ட் டிஸ்க்கோடு பேசுகிற புதிய முறையான ஏஹெச்சிஐக்கு எக்ஸ்பி குறுந்தகட்டில் டிரைவர் கிடையாது. பயாஸுக்குள் (கணினி எழும்போதே திறக்கிற அமைப்புத் திரை) போய் சாட்டா என்ற ஹார்ட் டிஸ்க் இணைப்பின் அமைப்பை ஐடிஇ என்றோ கம்பாட்டிபிள் என்றோ மாற்றிவிட்டு மறுபடி தொடங்குங்கள். எக்ஸ்பியின் கடைசித் திருத்தத் தொகுப்பான சர்வீஸ் பேக் 3 கண்டிப்பாக இருக்க வேண்டும், அதற்கு முந்தையது வேண்டவே வேண்டாம்.

தமிழ் வரவைப்பது

என்னை அலைக்கழித்த இடம் இது, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

பாமினிக்கு ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. அது ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை உட்கார வைத்த எழுத்துரு, ஃபாண்ட்ஸ் ஃபோல்டரில் போட்டால் வேலை செய்யும். பாமினி இல்லாத கணினியில் அதே கோப்பைத் திறந்தால் "அம்மா" என்பது எம், கே, அரைப்புள்ளி, கே, ஹெச் என்று நிற்கும், அவ்வளவுதான் அதன் ரகசியம்.

தலைவலி யூனிகோடில். இப்போது உபயதாரர்கள் பெயர்களை வைபர் செயலியில்தான் அனுப்புகிறார்கள், அது யூனிகோடு. அதை எக்ஸ்பியில் திறந்ததும் ஆபீஸில் இருக்கிற பெரியவர் கூப்பிட்டார்: "தம்பி, பேரெல்லாம் கட்டம் கட்டமா வருதே, வைரஸா?" வைரஸ் இல்லை. தமிழ் காட்டுவதற்கு வேண்டிய பகுதி எக்ஸ்பிக்குள் இருக்கிறது, ஆனால் மூடிக் கிடக்கிறது. இணையத்திலிருந்து யூனிகோடு எழுத்துரு ஒன்றை இறக்கிப் போட்டால் கட்டங்கள் போகும், ஆனால் "கெ" என்பதில் கொம்பு க-வுக்குப் பின்னால் போய் நிற்கும், "கொ" துண்டு துண்டாக வரும். எழுத்துரு இருந்தால் மட்டும் போதாது, எழுத்துகளை வரிசை மாற்றிச் சேர்க்கிற யூனிஸ்கிரைப் என்ற பகுதியும் விழித்திருக்க வேண்டும்.

கண்ட்ரோல் பேனலைத் திறந்து ரீஜினல் அண்ட் லாங்குவேஜ் ஆப்ஷன்ஸ் போங்கள். நடுவில் லாங்குவேஜஸ் என்ற தாவல் இருக்கும். அதில் கீழே இரண்டு கட்டங்கள். முதலாவது "காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட், வலமிருந்து இடமாக எழுதும் மொழிகள், தாய்லாந்து மொழி உட்பட" என்ற அர்த்தத்தில் இருக்கும். தமிழ் என்றோ இந்தியா என்றோ அதில் ஒரு வார்த்தை கிடையாது, அதனால் எல்லாரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். அதுதான் நமக்கு வேண்டியது. இரண்டாவது கட்டம் சீன, ஜப்பானிய மொழிகளுக்கு, அது 230 எம்பி கேட்கும், தொடாதீர்கள். முதல் கட்டத்தை டிக் செய்ததும் வருகிற சிறு பெட்டியில் 10 எம்பி இடம் வேண்டும் என்று எழுதியிருக்கும், கூடவே இண்டிக் என்ற சொல்லும் இருக்கும். அதைப் பார்த்தால் சரியான இடத்தில் இருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

ஓகே அடித்தவுடன் எக்ஸ்பி குறுந்தகட்டைக் கேட்கும். ஆகவே இதைத் தொடங்கும் முன்பே, யாரிடமாவது குறுந்தகட்டைக் கடன் வாங்கி அதிலிருக்கும் ஐ386 என்ற ஃபோல்டரை அப்படியே சி டிரைவில் நகல் எடுத்து வையுங்கள். கேட்கும்போது பிரவுஸ் அழுத்தி அந்த ஃபோல்டரைக் காட்டுங்கள். சில கோப்புகளுக்கு "சர்வீஸ் பேக் 3 குறுந்தகட்டைப் போடு" என்று அடம்பிடிக்கும், அப்படி ஒன்று உங்களிடம் இருக்காது. அப்போது விண்டோஸ் ஃபோல்டருக்குள் சர்வீஸ்பேக்ஃபைல்ஸ் என்று இருக்கும், அதற்குள்ளும் ஒரு ஐ386 இருக்கும், அதைக் காட்டுங்கள். அடுத்த கோப்புக்கு மறுபடி பழையதையே கேட்கலாம். இப்படி இரண்டுக்கும் மாறி மாறி இழுக்கும், பொறுமையாகக் காட்டிக்கொண்டே போங்கள், கேன்சல் மட்டும் அழுத்த வேண்டாம். முடிந்ததும் ரீஸ்டார்ட். லதா எழுத்துருவும் இத்தோடு தானாக வந்துவிடும்.

தட்டச்சுக்கு எக்ஸ்பியோடு வருகிற தமிழ் விசைப்பலகை இன்ஸ்கிரிப்ட் முறை, எனக்குப் பிடிக்காது. என்ஹெச்எம் ரைட்டர் என்ற தட்டச்சு மென்பொருளைப் போட்டுத் தமிழ்99 விசைப்பலகை முறையை வைத்துக்கொள்ளுங்கள். ரோமன் முறையில் அடித்துப் பழகியவர்களும் அதிலேயே அடிக்கலாம். யூனிகோடை பாமினியாக மாற்ற என்ஹெச்எம் கன்வெர்ட்டர். வைபரில் வந்த பெயர்களை ஒரு டெக்ஸ்ட் கோப்பில் போட்டு, இங்கே மாற்றி, பேஜ்மேக்கரில் ஒட்ட வேண்டியதுதான்.

நோட்பேடில் சேமிக்கும்போது கவனம். அது வழக்கமாக ஆன்சி என்ற முறையில் சேமிக்கும். யூனிகோடு எழுத்து இருக்கிறது, அழிந்துவிடும் என்று எச்சரிக்கை வரும், நாம் வழக்கம்போல் வாசிக்காமல் ஓகே அடிப்போம், மறுநாள் திறந்தால் பெயரெல்லாம் கேள்விக்குறி. சேவ் ஆஸ் கொடுத்து, கீழே என்கோடிங் என்ற இடத்தில் யூடிஎஃப்-8 தேர்ந்தெடுங்கள். கேள்விக்குறியாகிப்போனது திரும்ப வராது.

இடையில் ஒரு பேச்சு. பர்மிய மொழி எழுதுகிறவர்களும் இதே கூத்தை அனுபவித்தவர்கள்தான். யூனிகோடு முறையைப் பின்பற்றாத ஸௌஜி என்ற பர்மிய எழுத்துரு இங்கே அவ்வளவு பரவியதற்கு எக்ஸ்பியும் ஒரு காரணம், ஏனென்றால் எக்ஸ்பியின் யூனிஸ்கிரைப்புக்குப் பர்மிய எழுத்துகளைச் சேர்க்கத் தெரியாது, ஸௌஜிக்கோ அது தேவையில்லை. 2019 அக்டோபரில் நாடே யூனிகோடுக்கு மாறியது. அதனால் இப்போது வருகிற பர்மியக் கடிதங்கள் எக்ஸ்பியில் ஒழுங்காகத் தெரியாது. நான் முயற்சி செய்வதையே விட்டுவிட்டேன், போனில் படித்துக்கொள்கிறேன். தமிழுக்கு இருக்கிற கதவு அவர்களுக்கு இல்லை.

இணையக் கம்பியைப் பிடுங்குங்கள்

பேச்சே இல்லை. வைஃபை அட்டை இருந்தால் டிவைஸ் மேனேஜரில் முடக்குங்கள். குரோம் 49, பயர்பாக்ஸ் 52 இவைதாம் எக்ஸ்பிக்கு வந்த கடைசிப் பதிப்புகள், அவற்றை வைத்துக்கொண்டு இன்றைய இணையத்தில் சுற்றுவது வீண். மைபால் போன்ற உலாவிகள் இன்னும் ஓடும், தெரியும். ஓடுகிறது என்பதற்காகத் திறந்து வைக்க வேண்டுமா? 2017 மே மாதம் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கிற வான்னாக்ரை நச்சுநிரல் பரவியபோது, ஆதரவு முடிந்து மூன்று வருஷம் கழித்தும் மைக்ரோசாஃப்ட் எக்ஸ்பிக்கு ஒரு திருத்தம் வெளியிட்டது. அவ்வளவு மோசமாக இருந்தது நிலைமை.

"பக்கத்து விண்டோஸ் 10 கணினியோடு ஷேரிங் மட்டும் போட்டுக்கொள்கிறேன்" என்பவர்களுக்கும் இதே பதில். எக்ஸ்பிக்குத் தெரிந்தது எஸ்எம்பி1 என்ற பழைய முறை மட்டும். வான்னாக்ரை நுழைந்த வழியும் அதுதான். புதிய விண்டோஸில் அது மூடப்பட்டிருக்கும், அதைத் திறந்துவிடச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள்.

பென்டிரைவ்

இணையம் இல்லையென்றால் பென்டிரைவ்தான் பாலம். இதிலும் இரண்டு சிக்கல்.

இப்போது கடையில் வாங்குகிற 64 ஜிபி பென்டிரைவ் பெரும்பாலும் எக்ஸ்ஃபேட் என்ற ஃபார்மட் முறையில் வரும். தனியாகத் திருத்தம் போடாத எக்ஸ்பி அதைத் திறக்காது, "ஃபார்மட் செய்யட்டுமா?" என்று கேட்கும். ஆமாம் என்றால் உள்ளே இருந்தது போயிற்று. 32 ஜிபி அல்லது அதற்குக் குறைவானதை வாங்கி ஃபேட்32 ஆக மாற்றி, அதன்மேல் பேனாவால் "கோயில்" என்று எழுதி, வேறு எதற்கும் கொடுக்காமல் வையுங்கள்.

அடுத்தது ஆட்டோரன், அதாவது செருகியதும் பென்டிரைவில் இருப்பது தானாக ஓடுவது. 2008இல் கான்ஃபிக்கர் என்ற நச்சுநிரல் பரவிய வழிகளில் பென்டிரைவும் ஒன்று. அச்சகத்துக்குப் போய்த் திரும்பி வந்த பென்டிரைவை நான் நேரடியாக எக்ஸ்பியில் செருகுவதே இல்லை, முதலில் வேறு கணினியில் சோதித்துவிட்டுத்தான். அவசரம் என்றால் ஷிஃப்ட் பொத்தானை அமுக்கிக்கொண்டே செருகுங்கள், தானாக எதுவும் ஓடாது. அச்சகத்துக்குப் பேஜ்மேக்கர் கோப்பைக் கொடுக்காமல் பிடிஎஃப் ஆக்கிக் கொடுப்பது இன்னும் நல்லது. பிடிஎஃப்கிரியேட்டரின் பழைய பதிப்பு எக்ஸ்பியில் ஓடும், எழுத்துருவை உள்ளேயே பதித்துவிடும், அவர்களிடம் பாமினி இருக்கிறதா என்ற கேள்வியே வராது.

பிரிண்டர்

டாட் மேட்ரிக்ஸுக்கு "ஜெனரிக் டெக்ஸ்ட் ஒன்லி" என்ற டிரைவரைப் போட்டால் தமிழ் வராது, அது பிரிண்டருக்குள்ளேயே இருக்கிற ஆங்கில எழுத்துகளைத்தான் அடிக்கும். அந்த மாடலின் பெயரிலேயே இருக்கிற டிரைவரைப் போடுங்கள். மெதுவாக அடிக்கும், ஆனால் தமிழ் தமிழாக வரும்.

கரண்ட்

யாங்கூனில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டுமா? இன்வெர்ட்டர் மட்டும் போதாது, பேட்டரிக்கு மாறுகிற அந்த நொடியில் டெஸ்க்டாப் அணைந்து எழுந்துவிடும். சின்ன யூபிஎஸ் ஒன்று நடுவில் வேண்டும். டிவைஸ் மேனேஜரில் ஹார்ட் டிஸ்கின் பாலிசிஸ் தாவலில் எழுத வேண்டியதைக் கொஞ்ச நேரம் நினைவகத்தில் தேக்கி வைக்கிற ரைட் கேச்சிங் என்பதை எடுத்துவிடுங்கள், கொஞ்சம் வேகம் குறையும், ஆனால் கரண்ட் போனால் பாதி எழுதிய கோப்பு அநேகமாகத் தப்பும். மறுபடி எழும்போது டிஸ்க்கைச் சோதிக்கிறேன் என்று நீலத்திரை வந்தால் எந்தப் பொத்தானையும் அமுக்காமல் விடுங்கள். அவசரத்தில் எல்லாரும் அதைத் தாண்டுகிறார்கள், பிறகு குய்யோ முறையோ என்கிறார்கள்.

தேதி பழைய வருஷத்துக்குப் போய்விடுகிறது என்றால் மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பேட்டரி தீர்ந்துவிட்டது. மாற்றிவிடுங்கள், ரசீதில் 2002 என்று அச்சாகிப் போனால் கணக்குப் பார்ப்பவரிடம் பதில் சொல்ல முடியாது.

முழு நகல்

பழைய ஹார்ட் டிஸ்க் என்றைக்கு வேண்டுமானாலும் போகும். டிஸ்க் நகல் எடுக்கிற மென்பொருளான குளோன்ஸில்லாவைக் குறுந்தகட்டில் எழுதி, அதிலிருந்து கணினியைத் தொடங்கி, முழு டிஸ்க்கையும் வெளி டிஸ்க் ஒன்றில் நகல் எடுங்கள். பென்டியம் 4 கணினி என்றால் ஐ686 என்று போட்டிருக்கும் பழைய பதிப்பை இறக்குங்கள், மற்றது பெரும்பாலும் தொடங்கவே தொடங்காது. கூடவே புதுக் கணினி ஒன்றில் விர்ச்சுவல்பாக்ஸ் (கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டுகிற மென்பொருள்) போட்டு அதற்குள் ஓர் எக்ஸ்பி வைத்திருங்கள். நெட்வொர்க்கை அணைத்துவிடுங்கள், டிஸ்க் அமைப்பை ஐடிஇ ஆகவே விடுங்கள். பாரலல் போர்ட் பிரிண்டர் அதில் வேலைக்கு ஆகாது, ஆனால் பேஜ்மேக்கர் கோப்புகளைத் திறக்க அது போதும்.

பிற்சேர்க்கை

எல்லாம் சரியாக வந்த பிறகும் "ஸ்ரீ" மட்டும் கட்டமாக வருகிறது என்று மோல்மேனிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். கோயில் பெயரிலேயே ஸ்ரீ இருப்பதால் அவருக்கு எல்லாப் பக்கத்திலும் கட்டம். விஷயம் இது: சில போன் விசைப்பலகைகள் அந்த எழுத்தை ஸ-வுக்குப் பதிலாக ஶ என்ற எழுத்தை வைத்து உருவாக்குகின்றன. அந்த ஶ யூனிகோடில் 2005இல்தான் சேர்ந்தது, எக்ஸ்பியின் லதாவில் அது இல்லை. கோப்பை எக்ஸ்பிக்குக் கொண்டுவரும் முன் போனிலோ வேறு கணினியிலோ ஃபைண்ட் அண்ட் ரீப்ளேஸ் கொடுத்து ஶ-வை எல்லாம் ஸ ஆக்கிவிடுங்கள். கன்வெர்ட்டரும் அப்புறம் ஒழுங்காக பாமினி ஆக்கித் தரும்.