மாற்றுச் சிறுநீரகம்: நோயாளிக்கு வழிகளை எடுத்துச் சொல்லும் முறை

டயாலிசிஸ் நடக்கும் நேரத்தைத் தவிர்த்து, வேறொரு நாளில் நோயாளியையும் குடும்பத்தாரையும் உட்காரவைத்து, தாளில் அடிவயிற்றை வரைந்து, புதிய சிறுநீரகம் அங்கே பொருத்தப்படும், பழையவை பெரும்பாலும் அப்படியே விடப்படும் என்று முதலில் காட்டுங்கள். 1994ஆம் ஆண்டு மனித உறுப்பு மாற்றுச் சட்டப்படி பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர், கணவன் அல்லது மனைவி ஆகியோரும், 2011 திருத்தத்தின்படி தாத்தா பாட்டி, பேரப்பிள்ளைகளும் நெருங்கிய உறவினர் என்ற முறையில் தானம் தரலாம். இரத்தவகை பொருந்தாவிட்டால், அதே நிலையிலுள்ள இன்னொரு குடும்பத்துடன் கொடையாளரை மாற்றிக்கொள்ளவும் அத்திருத்தம் இடமளிக்கிறது. உயிருடன் இருப்பவர் தரும் சிறுநீரகம் பொதுவாக நீண்டகாலம் உழைக்கும் என்றாலும், கொடையாளரைத் தனியே அழைத்து, முழுமனத்துடன்தான் சம்மதித்தாரா என்று கேட்டே ஆக வேண்டும். வீட்டில் தாயையோ மனைவியையோ நோக்கித்தான் எல்லோர் பார்வையும் திரும்புகிறது. மூளைச்சாவு அடைந்தவரின் சிறுநீரகத்துக்கு, தமிழ்நாட்டில் உறுப்பு மாற்று ஆணையத்தின் காத்திருப்புப் பட்டியலில் மருத்துவமனை வழியாகப் பதிவுசெய்யலாம். அழைப்பு நள்ளிரவிலும் வரக்கூடும் என்பதால் இரண்டு கைப்பேசி எண்களாவது தரச் சொல்லுங்கள்.